எழுத்தறிவும் இல்லமும்

பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்ற குறை எழும்போதெல்லாம் பள்ளிக்கூடம் வீட்டைக் கைகாட்டுவதும், வீடு பள்ளிக்கூடத்தைக் கைகாட்டுவதும் நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை என்று உபாத்தியாயர் சலித்துக்கொள்கிறார். கவனிக்கத் தெரிந்திருந்தால் பள்ளிக்கு எதற்காக அனுப்புகிறோம் என்று தாய் கேட்கிறாள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல முன்வந்த கல்வி நிபுணர்கள், குடும்பத்தின் ஒத்துழைப்பு அவசியம் என்ற ஒரு வாக்கியத்தை எல்லா அறிக்கைகளிலும் தவறாமல் எழுதிவைத்தார்களே அன்றி, அந்த ஒத்துழைப்பு இன்ன காரியம், இன்ன நேரத்தில், இன்னாரால் செய்யத்தக்கது என்று வரையறுத்துச் சொன்னவர்கள் சிலரே. எழுத்தறியாத தாய்தந்தையர் இதில் எங்கே நிற்கிறார்கள் என்ற கேள்வியை, சங்கடமானது என்பதனாலோ என்னவோ, பலர் கேட்பதே இல்லை.

ஐம்பது ஆண்டுகளாக நடந்துள்ள ஆராய்ச்சிகளையும் நம் நாட்டின் சொந்த அனுபவத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தைப் பள்ளியின் சம்பளமில்லாத உதவி உபாத்தியாயராக நியமிக்க முயன்ற ஏற்பாடுகளும், கமிட்டி அமைத்துக் கூட்டம் கூட்டினால் போதும் என்று நினைத்த ஏற்பாடுகளும் பெரும்பாலும் சோர்ந்து விழுந்தன. வீட்டார் தம் இயல்பான வாழ்க்கைக்கிடையே செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைத் திட்டமாகக் கேட்டு, அதற்கு வேண்டிய புத்தகத்தையும் வழிகாட்டுதலையும் தாமே வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்ற பள்ளிகளே பலன் கண்டன.

வீடு எழுத்தறிவின் இருப்பிடமாக இருந்த காலம் நமக்குப் புதிதன்று. சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டுத் தொகுப்பித்த பள்ளிக் கணக்கில், சுமார் 1 கோடியே 28 லட்சம் ஜனத்தொகைக்கு 12,498 பள்ளிகள் இருந்ததாகப் பதிவாயிற்று. அதே கணக்கில் சென்னை நகரத்தில் வீட்டிலேயே படித்தவர்கள் பள்ளியில் படித்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு அதிகமானவர்கள் என்று வந்ததைக் கண்டு மன்றோவே வியந்து, இந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கக்கூடும் என்று 1826-ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதினார். எண் மிகையாகவே இருக்கட்டும். தகப்பனோ பாட்டனோ உறவினரோ குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பது ஒரு வகுப்பாரிடையே சாதாரண விஷயமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் சங்கீதத்தையே ஜீவனமாகக் கொண்டவர். மகன் சாமிநாதனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தக்கவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்து விசாரித்துக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் பெயர்ந்து, கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உ.வே.சாமிநாதையர் தம் சரித்திரத்தில் இதை விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்தப் பழைய பெருமையைப் பேசும்போது, அந்த வீடுகள் எவருடைய வீடுகள் என்று கேட்காமல் விடக்கூடாது. ஏடும் எழுத்தாணியும் இருந்த வீட்டில்தான் ஏட்டுப்படிப்பு நடந்தது. உழுதவரும் பறையடித்தவரும் மீன்பிடித்தவரும் தம் மக்களுக்குக் கொடுக்க அளவற்ற அறிவை வைத்திருந்தார்கள். எழுத்து மட்டும் அவர்கள் கைக்கு எட்டாதபடி வைக்கப்பட்டிருந்தது. பெண் குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே, கல்வியைக் குடும்பத்தின் பொறுப்பில் விடுவது என்பது, இருப்பவனிடம் சேர்ப்பதும் இல்லாதவனிடம் குறைப்பதுமாகவே முடியும் என்ற பயம் நியாயமானது.

அந்தப் பயத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு திட்டமான தேதியும் உண்டு. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றுத் திட்டத்தின்படி, பிள்ளைகள் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் படித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கவேண்டும் என்று வந்தது. இடப்பற்றாக்குறையைச் சமாளிக்கும் யோசனை என்று அரசு சொன்னது. குலக்கல்வி என்று நாடு சொன்னது. கிளர்ச்சி பெருகி, 1954-இல் ராஜாஜி பதவி விலகியதும், காமராஜ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். குடும்பத்தைக் கல்வியில் பங்குகொள்ளச் செய்வோம் என்று இன்று யார் பேசினாலும் தமிழ் வாசகனின் மனத்தில் ஒரு சிறு எச்சரிக்கை மணி அடிப்பதற்கு இந்தச் சரித்திரமே காரணம். அது அடிக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம். பிள்ளையைத் தகப்பன் தொழிலுக்குத் திருப்பி அனுப்பும் பங்கேற்பு வேறு, தகப்பன் எட்டாத எழுத்தைப் பிள்ளை எட்டும்போது அவன் அருகில் உட்கார்ந்திருக்கும் பங்கேற்பு வேறு. பின்னதைப் பற்றியே இங்கே பேச்சு.

இந்த இரண்டாவது வகைக்கு மிகத் தெளிவான சான்று, லண்டனின் வடபகுதியிலுள்ள ஹாரிங்கேயில் 1970-களின் பிற்பகுதியில் நடந்த ஒரு பரீட்சை. டிஸார்ட், ஸ்கோஃபீல்ட், ஹ்யூவிசன் என்ற மூவர் 1982-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம். பல வீடுகளில் ஆங்கிலம் தாய்மொழியன்று. ஆறு முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளில் ஒரு சாரார் தம் வாசிப்புப் புத்தகத்தைத் தினந்தோறும் வீட்டுக்கு எடுத்துச்சென்று பெற்றோர் முன்னிலையில் உரக்க வாசிக்கவேண்டும். பெற்றோர் கேட்டால் போதும். இன்னொரு சாராருக்குப் பள்ளியிலேயே தேர்ந்த உபாத்தியாயர் ஒருவர் சிறு குழுவாக வைத்து அதிகப்படி வாசிப்புப் பயிற்சி கொடுத்தார். இரண்டு ஆண்டு முடிவில் வீட்டில் வாசித்த பிள்ளைகள் கணிசமாக முன்னேறியிருந்தார்கள். தனிப்பயிற்சி பெற்றவர்களிடம் அத்தகைய சீரான முன்னேற்றம் தென்படவில்லை. ஆங்கிலம் தெரியாத பெற்றோரும், எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் அந்த வீடுகளில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் முன்னேறினார்கள்.

வாசிக்கத் தெரியாதவர் வாசிப்பைக் கேட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள், அப்படிக் கேட்கும் ஒரு தாயைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். அவள் பூக்கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருக்கிறாள். பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறது. வகுப்பில் பலமுறை சேர்ந்து சொன்ன பாடம் ஆதலால் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்ல வரும். எழுத்தறியாத அந்தத் தாய் பிள்ளையின் விரலைத்தான் பார்க்கிறாள். குரல் நாலாவது வரியில் இருக்க விரல் முதல் வரியிலேயே நின்றால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கையிலிருக்கும் நாரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னடா?" என்கிறாள். பிள்ளை விழிக்கிறது, பிறகு எழுத்துக் கூட்டத் தொடங்குகிறது. விடை சரியா தவறா என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை தேடுகிறதா, பாசாங்கு செய்கிறதா என்பது மட்டும் நன்றாகத் தெரியும். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் உபாத்தியாயருக்கு இந்த ஒரு நிமிஷம் கிடைப்பது துர்லபம்.

இருப்பினும் ஹாரிங்கே முடிவை வேதவாக்காக எடுத்துக்கொள்வது சரியன்று. மோனிக் செனஷால் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் மற்றொருவருடன் சேர்ந்து, இத்தகைய 16 பரீட்சைகளை ஒன்றுதிரட்டி ஒப்பிட்டு 2008-இல் எழுதிய கட்டுரையில், பெற்றோர் குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதைவிடக் குழந்தை வாசிக்கக் கேட்பதும், அதைவிட எழுத்தையும் ஒலியையும் இன்னமுறையில் பழக்கு என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஆரம்ப வகுப்புகளில் அதிகப் பலன் தந்ததாகக் கண்டார். படுக்கையில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும் மேனாட்டு வழக்கத்தை அப்படியே சிபாரிசு செய்யும் நம் பிரசுரங்கள் இதைக் கவனிப்பதில்லை. கதை கேட்பது சொல்வளத்தையும் ஆசையையும் வளர்க்கும். எழுத்துக் கூட்டும் திறன் அதனால் மட்டும் வந்துவிடாது.

வீட்டுப் பேச்சையே குறைகூறும் ஒரு வாதமும் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் கன்சாஸ் நகரில் 42 குடும்பங்களைக் கவனித்து 1995-இல் வெளியிட்ட நூலில், ஏழை வீட்டுக் குழந்தை நாலு வயதுக்குள் வசதியுள்ள வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டார்கள். இந்த எண் உலகமெல்லாம் பரவியது. ஏழைத் தாய்க்குப் பேசக்கூடத் தெரியாது என்ற எண்ணமும் அதன் நிழலில் பரவியது. பின்னால் ஸ்பெரி முதலியோர் ஐந்து வெவ்வேறு சமூகங்களை ஆராய்ந்து, குழந்தையை நோக்கித் தாய் பேசுவதை மட்டும் எண்ணாமல் சுற்றிலும் உள்ளவர் பேச்சையும் சேர்த்து எண்ணினால் அந்த இடைவெளி அப்படி நிற்பதில்லை என்று காட்டினார்கள். திண்ணையிலும் குழாயடியிலும் பத்துப் பேர் பேச்சுக்கு நடுவே வளரும் நம் குழந்தையை நினைத்துப் பார்த்தால், இந்த மறுப்பு நமக்கு வியப்பளிக்காது. இவர்களுக்கு முன்பே ஷெர்லி பிரைஸ் ஹீத் கரோலினாப் பகுதியில் இரண்டு ஆலைத்தொழிலாளர் குடியிருப்புகளில் பல்லாண்டு பழகி 1983-இல் எழுதிய நூலில், குழந்தைகள் கதையும் சொல்லும் நிறைந்தே பள்ளிக்கு வருகிறார்கள், பள்ளி கேட்கும் விதமான கேள்விகளும் பதில்களும்தான் அவர்களுக்கு அந்நியம் என்று நிறுவினார். அரிஸோனாவின் டூஸான் நகரில் லூயிஸ் மோல் குழுவினர் உபாத்தியாயர்களையே மெக்ஸிகோ வம்சத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பி, அங்கே விவசாயம், மருந்து, கட்டடவேலை பற்றி எவ்வளவு ஞானம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவரச் செய்தார்கள். வீட்டுக்குப் புத்திமதி சொல்லப் போகாமல், வீட்டிலிருந்து கற்றுவரப் போன உபாத்தியாயர்கள் இவர்கள்.

நம் தேசத்தில் சட்டம் வேறு வழியாகப் போயிற்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்கிறது. உரிமை என்ற முறையில் இது பெரிய காரியம். ஆனால் குழுவுக்கும் குழந்தையின் வாசிப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது, இந்தச் சட்டத்துக்கு முன்பே உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் ஜில்லாவில் 280 கிராமங்களில் பிரதம் ஸ்தாபனமும் பொருளாதார ஆராய்ச்சியாளர்களும் நடத்திய பரிசோதனையில் வெளிப்பட்டது. அங்கே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. குழுவின் உரிமைகளைக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். பிள்ளைகளின் வாசிப்பை ஊராரே சோதித்துப் பட்டியலிடவும் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளியிலும் மாற்றமில்லை, பிள்ளைகளிலும் மாற்றமில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் மட்டும், உள்ளூர் இளைஞர்களுக்கு ஒரு எளிய வாசிப்பு முறையைப் பழக்கி, பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு நடத்தச் செய்தார்கள். அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். செய்யத்தக்க வேலை ஒன்று கிடைத்ததும் கிராமம் முன்வந்தது என்பதே இதன் பொருள்.

இதே பிரதம் 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. சோதனை வீட்டிலேயே நடக்கிறது. எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நாலு படிகள் கொண்ட ஒரே தாள். அதைப் பிள்ளை வாசலில் நின்று வாசிக்க, தாயும் பாட்டியும் அண்டைவீட்டாரும் சூழ்ந்து கேட்கிறார்கள். அஞ்சாம் வகுப்பு படிக்கும் பிள்ளை சொல்லில் தடுமாறுவதை அந்தத் தாய் அன்றுதான் முதன்முதலாகக் காதால் கேட்கிறாள். மதிப்பெண் பட்டியலில் அது தெரிவதில்லை.

தாய்க்கே எழுத்தறிவித்தால் பிள்ளைக்கும் வந்துவிடாதா என்ற யோசனை தமிழ்நாட்டாருக்குப் பழக்கமானது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் கல்லுடைக்கும் பெண்களையும் வயலில் வேலைசெய்யும் பெண்களையும் கையெழுத்துப் போடவைத்ததோடு சைக்கிளிலும் ஏற்றிவிட்டது. அதன் மகத்துவத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் பீகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மாருக்கு வகுப்பு நடத்தியும், வீட்டில் செய்யத்தக்க பயிற்சித் தாள்களை வாராவாரம் கொடுத்தும், இரண்டையும் சேர்த்தும் பார்த்த ஒரு பெரிய பரீட்சையின் முடிவு 2017-இல் பிரசுரமானபோது, தாய்மாரின் அறிவும் பிள்ளையின் படிப்பில் அவர்கள் காட்டும் சிரத்தையும் உயர்ந்தது உறுதியாயிற்று. பிள்ளைகளிடம் கண்ட ஆதாயம் சிறிது, அதுவும் வாசிப்பைவிடக் கணக்கில் தெளிவு. தாய்க்குக் கல்வி வேண்டும், அவளுக்காகவே வேண்டும்; அதைப் பிள்ளையின் வாசிப்புக்கு ஒரு குறுக்குவழியாக எண்ணியவர்களுக்கு ஏமாற்றமே.

இனி தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். ஐந்தாவதோடு நின்றுவிட்ட ஒரு தாய் தன் குழந்தைக்குச் சொல்லித்தர உட்காருகிறாள். அவளுக்குத் தெரிந்தது ஆனா, ஆவன்னா. வரிசையாகப் பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், பிறகு அந்தப் பெருங்கடலான உயிர்மெய்; 247-ஐயும் சொன்னால்தான் படிப்பு. குழந்தையின் கையிலிருக்கும் பயிற்சித் தாளிலோ, எளிதில் எழுதவரும் ட, ப, ம போன்ற எழுத்துகள் முதலில் வந்து, அவை உடனே படம், பட்டம், மடம் என்று சொல்லாகின்றன. இந்த முறை நல்லது. சொல்லாகாத எழுத்தைக் குழந்தை மனத்தில் நிறுத்துவது கடினம். ஆனால் தாய்க்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அகரம் சொல்லிக்கொடுக்காத பள்ளி என்ன பள்ளி என்று நினைத்து, அவள் வீட்டில் அரிச்சுவடியைத் தொடங்குகிறாள். குழந்தை இரண்டு முறைக்கும் நடுவே திண்டாடுகிறது. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்களைக் கொண்டே பள்ளியின் முறையை அவளுக்குப் பத்து நிமிஷத்தில் விளக்கிவிடலாம். பெற்றோர் கூட்டங்களில் கட்டடம், கழிப்பறை, வருகைப்பதிவு பற்றிப் பேசுகிறார்கள். ட, ப, ம பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் "வந்துச்சு" என்று சொல்லும் பிள்ளை புத்தகத்தில் "வந்தது" என்று காண்பதும் இத்தகையதே. வாய்க்கு வந்த தமிழில் கதை சொல்லும் பாட்டியை, எழுத்துத் தமிழில் சொல்லத் தெரியவில்லையே என்று கூசவைக்காமல், அவள் சொன்ன கதையை மறுநாள் வகுப்பில் பிள்ளையைக் கொண்டே எழுதச் செய்யும் உபாத்தியாயர்கள் அங்கங்கே இருக்கிறார்கள்; அவர்கள் செய்வதுதான் மோல் டூஸானில் செய்தது.

குடும்பம் என்றால் யார் என்பதும் காகிதத்தில் இருப்பதுபோல் இல்லை. அறிக்கைகள் பெற்றோர் என்கின்றன. மாலையில் பிள்ளையோடு உட்காருபவள் ஏழாவது படிக்கும் அக்காளாக இருக்கிறாள். தாய் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து இருட்டிய பிறகே வருகிறாள். தகப்பன் திருப்பூரிலோ கேரளத்திலோ இருக்கிறான். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தவர்களுக்கு ஆறு மாதம் பள்ளியே இல்லை. தகப்பன்மார் இதில் அதிகம் எதிர்பார்க்கப்படுவதும் இல்லை, எதிர்பார்க்கப்படாததால் வருவதும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒருவாறு உணர்ந்து எழுந்த முயற்சியாக இல்லம் தேடிக் கல்வியைச் சொல்லலாம். கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்குமேல் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் விழுப்புரம் ஜில்லா முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவில் வசிக்கும் பெண்கள், மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் சுமார் இருபது பிள்ளைகளைக் கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ தம் வீட்டுத் திண்ணையிலோ உட்காரவைத்தார்கள். வேலையிலிருந்து திரும்பும் தாய் வழியில் நின்று தன் பிள்ளை வாசிப்பதைக் கேட்க முடிந்தது; பள்ளிக்குள் நுழையக் கூசுபவள் அடுத்தவீட்டுத் திண்ணைக்கு முன் நிற்கக் கூசவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆகியோர், தொற்றுக்காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். மிச்ச முக்கால் பங்கு வேறு காரணங்களால், முக்கியமாகப் பள்ளிகள் மறுபடி நடந்ததால் வந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

கடைசியாக, எல்லோரும் அறிந்தும் பேசத் தயங்கும் ஒன்று இருக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தனியார் பள்ளிகளில் அது முன்னமே விதி. பெற்றோர் விரும்பியே சேர்க்கிறார்கள், அவர்கள் விருப்பத்தைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் பிள்ளை ஒரு வரியைத் தாண்டினால் கண்டுபிடித்துவிடக்கூடிய தாய், ஆங்கிலப் புத்தகத்தின் முன் டைரியில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திக்கொண்டு, டியூஷனுக்குப் பணம் எடுத்துவைக்கிறாள். ஹாரிங்கேயில் ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் கேட்டார்களே என்று எவராவது ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் சரியே. அங்கே பள்ளி அவர்களைக் கேட்கச் சொன்னது, வீட்டுக்கே வந்து எப்படிக் கேட்பது என்று காட்டியது. இங்கே வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று கூட்டத்தில் சொல்லும் பள்ளிகள் உண்டு. ஆங்கிலத்தோடு தமிழ்ப் பாடநூலையும் தினம் ஒரு பக்கம் வீட்டில் உரக்க வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள் என்று அந்தத் தாயிடம் சொல்வதற்கு அப்பள்ளிகளுக்குப் புதிதாக ஒரு பைசா செலவில்லை. புத்தகம் பிள்ளையின் பையிலேயே இருக்கிறது.